பனிக் குளிரும் மின்சாரக் காரும்

2024-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் சிகாகோ மாநகரைக் கடுங்குளிர் கவ்விப் பிடித்திருந்தது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கியிருந்தது. நகரையும் புறநகரையும் சேர்ந்த மின்னேற்று நிலையங்களில் மின்சாரக் கார்கள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நின்றன. முறை வருவதற்கு முன்பே சில கார்களின் பேட்டரி அடியோடு தீர்ந்துபோயிற்று. அவற்றை இழுவை வண்டிகள் வந்து இழுத்துச் சென்றன. 'மின்சாரக் காருக்குக் குளிர் ஆகாது' என்ற பேச்சு அன்று உலகெங்கும் பரவியது.

ஆனால் வாசகர்களே, அதே ஜனவரியில் நார்வே நாட்டின் வடகோடியிலுள்ள கவுத்தோகைனோ என்னும் சிற்றூரில் உறைநிலைக்குக் கீழே 43 டிகிரி வரை குளிர் பதிவாயிற்று. அந்த நார்வேயில்தான் 2024-இல் விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 கார்கள் முழுக்க முழுக்க மின்சாரத்தில் ஓடுபவை! குளிரைக் கண்டு அஞ்சி அம்மக்கள் மின்சாரக் காரைக் கைவிட்டுவிடவில்லை. அப்படியானால் சிகாகோவில் நேர்ந்தது என்ன?

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் வெளியே வர மறுக்கிறது. லித்தியம் பேட்டரியின் நிலையும் ஏறக்குறைய இதுவே. அதனுள் ஒரு திரவம் உண்டு. அந்தத் திரவத்தின் வழியாக லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீந்திச் செல்வதால்தான் நமக்கு மின்சாரம் கிடைக்கிறது. குளிரில் அத்திரவம் தடித்துப்போகிறது. அயனிகளின் நடை தளர்கிறது. சேமித்த மின்சாரத்தில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. பேட்டரி மீண்டும் வெதுவெதுப்பானதும் அது திரும்பக் கிடைக்கும்.

இதைவிடப் பெரிய இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் தான் குடிக்கும் எரிபொருளில் பாதிக்கும் மேற்பட்டதை வெறும் வெப்பமாக வீணாக்குகிறது. அந்த வீண் வெப்பத்தைத்தான் குளிர் நாட்டுக் கார்கள் உள்ளே திருப்பிவிட்டுப் பயணிகளுக்குக் கதகதப்பு ஊட்டிவந்தன. மின்சார மோட்டாரோ சிக்கனக்காரர். வீணாக்குவது மிகக் குறைவு. ஆகவே காருக்குள் வேண்டிய வெப்பத்தையும் பேட்டரியே தந்தாக வேண்டும். பனிக்கால நெரிசலில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும் ஒரு காரை எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் சக்கரங்களைச் சுழற்ற மூன்று அல்லது நான்கு யூனிட் மின்சாரம் போதும். மூன்று கிலோவாட் ஹீட்டர் ஒன்று அதே நேரம் எரிந்தால் அதுவும் மூன்று யூனிட்!

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான 'ஏ.ஏ.ஏ.' 2019-இல் ஐந்து மின்சாரக் கார்களைச் சோதித்தது. உறைநிலைக்குக் கீழே சுமார் 7 டிகிரிக் குளிரில், ஹீட்டரை அணைத்து ஓட்டியபோது ஓடும் தூரம் சராசரியாக நூற்றுக்கு 12 பங்குதான் குறைந்தது. ஹீட்டரைப் போட்டு ஓட்டியபோது 41 பங்கு குறைந்துவிட்டது. அதாவது 400 கிலோமீட்டர் ஓட வேண்டிய கார் 236 கிலோமீட்டரிலேயே நின்றுவிடும். விற்பனையாளர் அட்டையில் பெரிய எழுத்தில் அச்சாகும் தூரம் இதமான பருவநிலைக்கு உரியது என்பதை வாங்குபவரிடம் உரக்கச் சொல்வோர் மிகக் குறைவு. இது நியாயமன்று. குழந்தைகளோடு பனிச்சாலையில் செல்லும் குடும்பத்திற்கு அந்த 164 கிலோமீட்டர் வெறும் எண்ணிக்கை அல்லவே!

சரி, மின்னேற்று நிலையத்தை அடைந்துவிட்டோம்; கவலை தீர்ந்ததா? இல்லை. உறைந்த பேட்டரிக்குள் மின்சாரத்தை வேகமாகச் செலுத்தினால், லித்தியம் தன் இருப்பிடமாகிய கிராஃபைட்டுக்குள் நுழைய இயலாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் பெரும்பகுதி பிறகு பயன்படாது. படிவு முள்ளாக வளர்ந்தால் உள்ளே மின்கசிவு ஏற்படும் ஆபத்தும் உண்டு. எனவேதான் காரிலுள்ள கணினி, பேட்டரி சூடேறும்வரை மின்னேற்றத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்திவிடுகிறது. அரை மணியில் முடிய வேண்டிய வேலை ஒரு மணியைத் தாண்டுகிறது. பின்னால் நிற்கும் வரிசை நீள்கிறது. சிகாகோவில் பலர் பேட்டரியை முன்கூட்டிச் சூடேற்றாமல், கடைசிச் சொட்டு மின்சாரத்தோடு அந்நிலையங்களை வந்தடைந்தார்கள்.

முன்கூட்டிச் சூடேற்றுவது புதிய வித்தையன்று. அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் பெட்ரோல் எஞ்சினைச் சூடேற்றும் கருவிக்கு 1949-லேயே காப்புரிமை பெறப்பட்டது. பின்லாந்திலும் கனடாவிலும் வாகன நிறுத்துமிடங்களில் அதற்கென்றே மின்செருகிக் கம்பங்கள் நிற்பதை இன்றும் காணலாம்.

மின்சாரக் காரில் அந்த வேலை இன்னும் எளிது. காலை ஏழு மணிக்குப் புறப்பட வேண்டுமானால் கைப்பேசியில் அந்நேரத்தைக் குறித்துவிட்டால் போதும். கார் வீட்டு மின்செருகியில் இணைந்திருக்கும்போதே பேட்டரியையும் உள்ளறையையும் கதகதப்பாக்கிக்கொள்ளும். அதற்கான மின்சாரம் பெரும்பாலும் வீட்டிலிருந்து செல்கிறது. பயணத்திற்கென்று சேமித்தது குறைவதில்லை. மின்செருகியில் இணைக்காமல் சூடேற்றினால் இந்த ஆதாயம் கிட்டாது. வழியில் மின்னேற்ற வேண்டுமானால், செல்லவிருக்கும் நிலையத்தைக் காரின் வழிகாட்டித் திரையில் குறிப்பிட வேண்டும். பல கார்கள் அதைப் புரிந்துகொண்டு, நிலையத்தை அடையுமுன்பே பேட்டரியைச் சூடேற்றத் தொடங்கிவிடும். சில கார்களில் இதற்கென்று தனி ஹீட்டர் உண்டு. வேறு சிலவற்றில் மோட்டாரையே வேண்டுமென்று வீண் வெப்பம் உண்டாகும்படி இயக்கி, அவ்வெப்பத்தைப் பேட்டரிக்கு அனுப்புகிறார்கள். சிக்கனக்காரரை ஊதாரியாக்கும் இந்த உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது.

டொராண்டோவிலும் ஓஸ்லோவிலும் உங்கள் உறவினர் இருப்பின் அவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். இருக்கையைச் சூடாக்கும் வசதிக்கு 50 முதல் 100 வாட் வரை போதும். உள்ளறை முழுவதையும் சூடாக்குவதைவிட அது மிகமிக மலிவு. 'ஹீட் பம்ப்' பொருத்திய கார், வெளிக்காற்றிலுள்ள சிறிதளவு வெப்பத்தையும் உறிஞ்சி உள்ளே தருவதால் மிதமான குளிரில் கணிசமாக மிச்சப்படுத்தும். குளிர் கடுமையாகும்போது அதன் ஆதாயமும் குறையும்.

எஞ்சியிருப்பது ஒரு கேள்வி. சொந்த வாசலும் சொந்த மின்செருகியும் உள்ளவருக்கு மேற்சொன்னவை யாவும் எளிது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வசித்து, தெருவோரம் காரை நிறுத்துபவர் இரவில் எந்தச் சுவரில் இணைப்பார்? அவர் பொது நிலையத்தையே நம்பியிருக்க வேண்டும். கார் பனியில் உறைந்த நிலையிலேயே அவரது காலை தொடங்கும். அத்தகையோர் குளிர்காலத்தில் பேட்டரி ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்குமுன்பே மின்னேற்றிக்கொள்வதும், முந்தைய பயணத்தின் சூடு ஆறுமுன் மாலையிலேயே நிலையத்திற்குச் சென்றுவிடுவதும் நல்லது. காரில் ஒரு கம்பளிப் போர்வையும் இருக்கட்டும்.