உங்களுக்குத் தெரியுமா? கண்ணில் படாத தூசிதான் ஆபத்து!

பக்கத்து மனையில் கட்டடம் எழும்புகிறதா? டிவி மேல் விரலால் பெயர் எழுதலாம் போலப் படிகிறதே, அந்தத் தூசிகூடப் பரவாயில்லை. 10 மைக்ரான் துகள், காற்றசையாத அறையில் சில நிமிடங்களில் தரைக்கு வந்துவிடும். 1 மைக்ரான் துகளோ கூரையிலிருந்து தரை தொடப் பல மணி நேரம் மிதக்கும். நுரையீரலின் அடிவரை போவது இதுதான்.

• கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி மெட்ரோ தடம் 26.1 கி.மீ. அந்த வேலை நடந்த ஆண்டுகளில் போரூர், பூந்தமல்லி சாலையோர வீடுகளில் காலையில் பெருக்கினால் மதியமே மறுபடி நறநறக்கும். காய்ந்த துடைப்பம் படிந்ததைக் கிளப்பிவிடும். அதிலும் ஃபேன் ஓடும்போது பெருக்குவது வீண். ஃபேனை நிறுத்தி, ஈர மாப் போடுங்கள். ஃபேன் இறக்கையையும் ஈரத்துணியால் துடையுங்கள்.

• ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே சுற்றவிடுகிறது. அதன் வலை பெருந்தூசியை மட்டுமே பிடிக்கும். வேலை மும்முரமான நாட்களில் வாரம் ஒருமுறை கழுவலாம்.

• மணி பிளான்ட் தூசியைப் போக்குமா? நாசாவின் 1989 ஆய்வு பார்த்தது பென்சீன் போன்ற வாயுக்களை, அதுவும் மூடிய பெட்டிக்குள். தூசியை அல்ல. அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்!

• நுண்துகள் பிஎம் 2.5க்கு 24 மணி நேர வரம்பு, ஒரு கன மீட்டருக்கு: இந்தியாவில் 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையில் 15.

அம்பத்தூரோ ஆவடியோ, பக்கத்து மேஸ்திரியிடம் கேளுங்கள்: எம்-சாண்ட் குவியலுக்கு ஒரு தார்ப்பாய், டைல்ஸ் அறுக்கும்போது கொஞ்சம் தண்ணீர்.