உள்ளதைக் கொண்டு பிஸ்கத்து

பிஸ்கத்து என்றவுடன் கடையும் கண்ணாடிப் புட்டியும் பலருக்கு நினைவுக்கு வரும். மைதா, வெண்ணெய், முட்டை, பேக்கிங் பவுடர், மின்சார ஓவன் ஆகிய இத்தனையும் இருந்தால்தான் அதை வீட்டில் செய்ய முடியும் என்று எண்ணுகிறோம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், ‘நமக்கேன் இந்த வேலை?’ என்று விட்டுவிடுகிறோம். விடுதி அறையில் வாழும் நம் போன்றவர்களிடம் இந்த எண்ணம் இன்னும் வலுவாக உண்டு.

ஆனால், பிஸ்கத்து என்பது சில வேலைகளின் கூட்டு. ஒருவர் வேலைக்கு வராத நாளில் அவருடைய வேலையை மற்றொருவர் பார்ப்பதில்லையா? அதைப் போலத்தான் இதுவும். எந்தப் பொருள் எந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அது இல்லாதபோது அதன் இடத்தில் எதை வைக்கலாம் என்பது தானே விளங்கும். வேதியியல் மாணவன் என்ற முறையில் அந்த வேலைகளைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு என் ஊராகிய கோலார் தங்கவயலைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன்.

தங்கவயலின் அடுப்புகள்

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் சுரங்க வேலையைத் தொடங்கினர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே குடியேறினர். ஆங்கிலேயர் பங்களாக்களில் ஓவன் இருந்தது. தொழிலாளர் குடியிருந்த ‘லைன்’ வீடுகளில் மண்ணடுப்பும் கரியடுப்பும் இருந்தன. பங்களாச் சமையலைக் கற்றுக்கொண்டு லைன் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அங்கே வேலை பார்த்த நம் மக்களே. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் அண்டையில் வாழ்ந்தன. அவர்கள் ‘ரோஸ் குக்கி’ என்று சொன்னதும் நாம் ‘அச்சு முறுக்கு’ என்று சொன்னதும் ஒரே பண்டந்தான். தங்கவயலில் வளர்ந்த பிரிட்ஜெட் ஒயிட் குமார் என்னும் அம்மையார் ஆங்கிலோ இந்தியச் சமையலைப் பற்றிப் பல நூல்கள் எழுதியிருக்கிறார். அந்த ஊரின் உணவுக் கலப்பு எத்தகையது என்பதற்கு அவை சான்று.

டிசம்பர் மாதத்தில் வீட்டில் மாவைப் பிசைந்து தட்டில் அடுக்கி, பேக்கரிக்கு எடுத்துச் சென்று சுட்டு வாங்கி வருவது பழைய வழக்கம். மாவும் கைப்பக்குவமும் வீட்டாருடையவை. நெருப்பு மட்டும் பேக்கரிக்காரருடையது. எங்கள் தெருவில் சமய வேறுபாடு பாராமல் பலகாரத் தட்டு வீட்டுக்கு வீடு போகும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் பழக்கம் எவரிடமும் இல்லை.

சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் கைக்கும், 1962இல் மத்திய அரசின் கைக்கும் வந்தன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் நிறுவனமாயின. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் அவை மூடப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரிலும் தட்டுகள் வந்தன. நான் அப்போது பிறக்கவில்லை, அம்மா சொல்லக் கேட்டது. மைதாவும் வெண்ணெயும் வாங்கும் நிலையில் வீடு இல்லை. களி கிண்ட வைத்திருந்த கேழ்வரகு மாவு இருந்தது, வெல்லம் இருந்தது, தலைக்கும் சமையலுக்குமாக ஒரு புட்டித் தேங்காயெண்ணெய் இருந்தது. பாட்டி அவற்றைக் கொண்டு பிஸ்கத்துச் சுட்டுத் தட்டை நிரப்பி அனுப்பினார். அடுத்த ஆண்டு கையில் மைதா இருந்தபோதும், அண்டை வீட்டார் அந்தக் கேழ்வரகுப் பிஸ்கத்தையே கேட்டார்களாம்.

‘ஏதோ இருந்ததைப் போட்டேன்’ என்றுதான் பாட்டி இன்றும் சொல்வார். அவர் போட்ட ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு என்பதை இனிக் காண்போம்.

நான்கு வேலைகள்

முதல் வேலை உருவம் தருவது. இதனைச் செய்வது மாவு. கோதுமை மாவில் உள்ள இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டவுடன் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ‘குளூட்டன்’ என்னும் வலையாகின்றன. பரோட்டா இழுபட்டு விரிவதற்கு இவ்வலையே காரணம். ஆனால், பிஸ்கத்து இழுபடக் கூடாது. கடித்தவுடன் உதிர வேண்டும். எனவே, பிஸ்கத்தில் அந்த வலை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மாவை மிகவும் பிசையாதே என்று பெரியவர்கள் சொல்வதற்கும் இதுவே காரணம். கேழ்வரகில் குளூட்டன் இல்லை. அரிசி மாவிலும், கடலை மாவிலும், பொட்டுக்கடலை மாவிலும் இல்லை. ரொட்டி செய்வதற்கு இது குறை; பிஸ்கத்துக்கோ இது நன்மை. முழுக்கக் கேழ்வரகு மாவே ஆனால் எடுக்கும்போதே உடைந்துபோகும். மூன்றில் ஒரு பங்கு கோதுமை மாவு கலந்தால் போதும். கேழ்வரகு மாவை முதலில் வெறுஞ்சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து ஆறவிட வேண்டும். பச்சை வாடை போய்விடும். மற்றொரு செய்தியும் உண்டு: நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. மைதாவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இரண்டாம் வேலை உதிரச் செய்வது. இது கொழுப்பின் வேலை. கொழுப்பு மாவுத் துகள்களின் மேல் போர்வைபோலப் படிந்து, தண்ணீர் அவற்றை நெருங்காமல் தடுக்கிறது. வலை பின்னுவது குறைகிறது. வெண்ணெய் இல்லையேல் நெய் போடலாம். ஆனால் அளவு மாறும். வெண்ணெயில் ஏறத்தாழ 80 பங்குதான் கொழுப்பு. எஞ்சியதில் பெரும்பகுதி தண்ணீர். நெய் ஏறக்குறைய முழுவதும் கொழுப்பு. ஆகவே 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் நெய்யும் ஒரு கரண்டிப் பாலும் சரியாகும். எண்ணெய்க்கும் இதே கணக்குத்தான். ஆயினும் நீராக ஓடும் எண்ணெய் காற்றைப் பிடித்து வைப்பதில்லை. பிஸ்கத்து சூட்டில் பரந்துவிடும். தேங்காயெண்ணெய் மட்டும் இதற்கு விலக்கு. ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்து வெண்ணெய்போல் நிற்கும். தங்கவயல் கடல் மட்டத்துக்கு 800 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். டிசம்பர்க் குளிரில் தேங்காயெண்ணெய் புட்டியிலேயே கட்டியாகிவிடும். பாட்டி கையிலிருந்த எண்ணெய் அந்த மாதத்தில் வெண்ணெயின் வேலையையே செய்தது. வெயில் ஊரில் உள்ளவர்கள் பிசைந்த மாவை அரைமணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தால் அதே பயன் கிடைக்கும். வனஸ்பதியும் இவ்வேலைக்கு வரும். இதயத்துக்குத் தீங்கான ‘டிரான்ஸ்’ கொழுப்பு அதில் மிகுதியாக இருந்ததால், 2022 முதல் அதன் அளவு நூற்றுக்கு இரண்டுக்குமேல் இருக்கலாகாது என்று நம் நாட்டில் விதி வந்துள்ளது.

மூன்றாம் வேலை இனிப்பும் நிறமும் மொறுமொறுப்பும் தருவது. சர்க்கரையின் வேலை இனிப்போடு முடிவதில்லை. மாவிலுள்ள தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு, வலை பின்னுவதைத் தடுக்கிறது. சூட்டில் உருகி, ஆறியபின் இறுகி, மொறுமொறுப்பைத் தருகிறது. வெல்லம் போட்டால் நிறம் விரைவில் ஏறும். வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத குளுக்கோசும் புருக்டோசும் வெல்லத்தில் சிறிது இருக்கின்றன. இவை மாவின் புரதத்தோடு கூடிப் பழுப்பு நிறத்தையும் நல்ல மணத்தையும் உண்டாக்குகின்றன. இவ்வினையை 1912இல் விளக்கியவர் மெயிலார்டு என்னும் பிரெஞ்சு அறிஞர். வெல்லம் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். ஆகவே, வெல்லப் பிஸ்கத்தை மூடி இறுகிய டப்பாவில் போட்டு வைக்க வேண்டும்.

நான்காம் வேலை உப்பச் செய்வது. சமையல் சோடாவை அமிலம் தொட்டால் கரியமில வாயு வெளிப்படும். அந்த வாயு மாவில் நுண்ணிய அறைகளைக் குடைகிறது. அமிலம் இல்லாவிட்டாலும் 80 டிகிரிக்கு மேல் சூடேறும்போது சோடா தானே சிதைந்து வாயுவை விடும். ஆனால் பின்னால் தங்கும் காரம் சவர்க்காரச் சுவையைத் தரும். ஒரு கரண்டித் தயிர் சேர்த்தால் இக்குறை தீரும். பேக்கிங் பவுடர் என்பது சோடாவோடு உலர்ந்த அமிலத்தைக் கலந்து வைத்த பொடி. தயிரும் சோடாவும் உள்ள வீட்டில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. முட்டையும் இன்றியமையாததன்று. உதிரும் மாவைச் சேர்த்துப் பிடிக்க இரண்டு மூன்று தேக்கரண்டிப் பாலே போதும்.

சட்டியே ஓவன்

இனி நெருப்பு. தங்கவயலின் சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் உடையது. அந்த அடிமட்டத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். குளிர்காற்றைக் கீழே செலுத்தித்தான் மனிதர் வேலை செய்ய முடிந்தது. அந்தப் பாறைமேல் ஒரு பிஸ்கத்து மாவை வைப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வெண்ணெய் முழுவதும் உருகிவிடும். மாச்சத்து மெல்ல நீரை உறிஞ்சத் தொடங்கும். அதற்குமேல் ஒன்றும் நடவாது. 80 டிகிரிக்கு மேல் சோடா சிதையும். 100 டிகிரியை ஒட்டித் தண்ணீர் ஆவியாகும். 140 டிகிரிக்கு மேற்பட்டால்தான் பொன்னிறம் விரைந்து ஏறும். ஆக, நமக்கு வேண்டியது 160, 170 டிகிரி அளவில் நாற்புறமும் சூழ்ந்து நிற்கும் உலர்ந்த வெப்பம். அதைத் தரும் எந்தப் பெட்டியும் ஓவன்தான்.

அடி கனத்த இருப்புச் சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கழுவி உலர்த்திய ஆற்று மணலையோ கல்லுப்பையோ பரப்புங்கள். மேலே ஒரு வளையம், அதன்மேல் தட்டு. மூடிபோட்டுச் சிறு தீயில் பதினைந்து நிமிடம் காயவிடுங்கள். மணல் மெதுவாகச் சூடேறி, மெதுவாக ஆறும். அடுப்பின் தீ கூடிக் குறைந்தாலும் தட்டுக்கு அது தெரியாது. கரியடுப்புக் காலத்தில் மூடிமேலும் தணலைப் பரப்புவார்கள். பிஸ்கத்தின் மேற்புறமும் சிவக்கும். தணல் இல்லாதவர்கள் மேற்புறம் வெளுத்திருப்பதைக் கண்டு கவலைப்பட வேண்டா. அடிப்புறம் சிவந்தால் வெந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மணல் என்றவுடன் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் எச்சரிக்கை ஒன்று உண்டு. பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு, ‘சயனைடு மேடு’ என்னும் பெயரில் அங்கே குன்று குன்றாக நிற்கிறது; மூன்று கோடி டன்னுக்கு மேல் இருக்கும். பார்வைக்கு அது சலித்தெடுத்த நல்ல மணல். ஆனால் பாறையை மாவாக அரைத்துச் சயனைடு நீரில் ஊறவைத்த கழிவு அது. அதை அடுப்பருகில் கொண்டுவர எந்தத் தாயும் விடமாட்டாள். உள்ளதைக் கொண்டு செய்வது வேறு. கண்டதைக் கொண்டு செய்வது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அறிவே.

ஒரு கணக்கு

எடையில் மாவு மூன்று பங்கு, வெண்ணெய் இரண்டு, சர்க்கரை ஒன்று. இது எளிய பிஸ்கத்தின் அடிப்படைக் கணக்கு. தராசு இல்லாதவர்கள் டம்ளரால் அளக்கலாம்: மாவு ஐந்து பங்கு என்றால் உருக்கிய கொழுப்பு இரண்டு பங்கு, பொடித்த சர்க்கரை ஒன்றரைப் பங்கு. இதில் நின்றுகொண்டு கையிருப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டுக் கணக்கு வருமாறு: வறுத்த கேழ்வரகு மாவு 100 கிராம், கோதுமை மாவு 50 கிராம், உறைந்த தேங்காயெண்ணெய் 80 கிராம், பொடித்த வெல்லம் 60 கிராம், தயிர் ஒரு தேக்கரண்டி, சோடா கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைய, உப்பு ஒரு சிட்டிகை, சுக்குப் பொடி சிறிது. எண்ணெயையும் வெல்லத்தையும் முதலில் நன்றாகக் குழைக்க வேண்டும். அதில் தயிரைக் கலந்து, சோடாவும் உப்பும் சுக்கும் சேர்த்துச் சலித்த மாவைப் போட்டு விரல் நுனியால் சேர்க்க வேண்டும், பிசையக் கூடாது. உருண்டை பிடிக்க வராவிட்டால் பால் தெளித்துக்கொள்ளலாம். இருபது உருண்டைகளாக்கி, இலேசாகத் தட்டி, இடைவெளி விட்டு வைத்தால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடும். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். அப்போதே வேகவில்லை என்று மறுபடியும் அடுப்பில் வைத்துவிடாதீர்கள். ஆற ஆறச் சர்க்கரையும் கொழுப்பும் இறுகி மொறுமொறுப்பு வரும்.

இல்லாமை நல்லது என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஆண்டு மைதாவும் வெண்ணெயும் வாங்கப் பணம் இருந்திருந்தால் பாட்டி மகிழ்ந்திருப்பார். ஆனால் அவர் செய்த பிஸ்கத்தை ‘ஏழைப் பிஸ்கத்து’ என்று எவரேனும் சொன்னால் அதை நான் ஒப்பமாட்டேன். குளூட்டன் இல்லாத மாவு, குளிரில் உறைந்த கொழுப்பு, நிறமேற்றும் வெல்லம், சோடாவைச் சரிக்கட்டும் தயிர் ஆகிய நான்கும் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்து தேர்ந்தவைபோல் பொருந்தியிருக்கின்றன. நாம் நூலில் படித்துத் தெரிந்துகொள்வதை அவர் கைப்பழக்கத்தில் தெரிந்துவைத்திருக்கிறார். காரணத்தைச் சொல்லும் மொழிதான் அவருக்குக் கிட்டவில்லை.

நம் மன்றத்தில் பல ஊர்களிலிருந்து வந்த நண்பர்கள் இருக்கிறார்கள். விடுதியில் அடுப்பு வைக்க விதி இடம் தராது. விடுமுறையில் வீட்டில் முயன்று பாருங்கள். தஞ்சைப் பக்கத்தார் அரிசி மாவிலும், கொங்கு நாட்டார் கம்பு மாவிலும் செய்து பார்க்கலாம். முன்னதாக வீட்டுப் பெரியவர்களிடம் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு காரணத்தை அவர்களுக்கு நீங்கள் சொல்லுங்கள். திரும்பி வரும்போது ஒரு டப்பாவில் கொண்டு வந்தால், எதில் எது குறைந்தது, அந்த இடத்தில் எது நின்றது என்று சேர்ந்து உண்டே ஆராயலாம்.