உச்சச் சுமை என்னும் எண்

புதிய கட்டடத்திற்குக் குளிர்சாதனம் எவ்வளவு வேண்டும் என்பதை இன்று கணிப்பொறியே ஓராண்டின் 8,760 மணிக்கும் கணக்கிட்டுக் காட்டுகிறது. அதில் நம் கண் முதலில் தேடுவது உச்சச் சுமையை. அவ்வெண்ணை அது நிகழும் வேளையோடு சேர்த்தே படித்தல் வேண்டும்.

டில்லி அலுவலகமொன்றின் கீழ்த்திசை அறைக்குக் காலையிலும், மேற்றிசை அறைக்கு மாலையிலும் வெப்பம் மிகும். ஒவ்வொன்றின் உச்சமும் 2 டன் என்க. டன் என்பதை எடையென்றே மொழிபெயர்த்துவிட்டுப் பின்னர் நாணியவன் யான். ஒரு நாளில் 2,000 பவுண்டு பனிக்கட்டியை உருக்கும் வெப்பத்தை அகற்றும் திறன் அது, ஏறக்குறைய 3.5 கிலோவாட். இவ்விரு அறைகளுக்கும் பொதுவாக ஓர் இயந்திரம் வைப்பதாயின், இரண்டையும் கூட்டி 4 டன் என்பது பிழை. உச்சங்கள் ஒருசேர நேர்வதில்லையாதலால் 3 டன்னே போதியதாகலாம்.

மிகுதியால் கேடென்ன எனலாம். பெரிய இயந்திரம் அறையை விரைந்து குளிர்வித்து நின்றுவிடும். காற்றின் ஈரத்தை நீக்க அதற்குப் போதிய நேரம் கிட்டாது. ஆகஸ்டுப் புழுக்கத்தில் அலுவலர் குளிரிலும் பிசுபிசுப்போடு அமர்ந்திருப்பர்.

குறைத்து வாங்குவோரும் ஒன்றை நோக்குதல் நலம். இயந்திரத்தின் மேல் பொறித்த திறன் பொதுவாக வெளிவெப்பம் 35 டிகிரியாக இருக்கையில் அளந்தது. மே மாதப் பிற்பகலில் டில்லி 44 டிகிரியைத் தொடும்போது அத்திறன் தாழும். சுமை ஏறுவதும் அப்பொழுதே.