கண்ணளவும் கையளவும்

டோபி காட் பெருவிரைவு ரயில் நிலையத்திற்கு அருகில் சோஃபியா மலை உள்ளது. முன்பு மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி அங்கு இயங்கியது. அப்பள்ளியின் முதல்வர் எல்லிஸ் ஹேண்டி, பள்ளிக்கு நிதி திரட்ட 1952ஆம் ஆண்டில் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். வீட்டில் சமைக்கும் உணவுகளின் செய்முறையை அதில் எழுதினார்.

அக்காலத்தில் பலர் தாயின் அருகில் நின்றே சமையலைக் கற்றனர். “மிளகாய்த்தூள் எவ்வளவு?” என்று கேட்டால், “கண்ணளவுதான்” என்பார்கள். சமைத்தவர் மறைந்தால் அந்தச் சுவையும் மறைந்துவிடும். அளவோடு எழுதி வைத்தாலோ, அடுத்த வீட்டாரும் அடுத்த தலைமுறையினரும் அதைச் சமைக்கலாம். ஹேண்டியின் நூல் பலமுறை மறுபதிப்புக் கண்டது.

உங்கள் பாட்டி வைக்கும் மீன் குழம்பின் அளவு உங்களுக்குத் தெரியுமா? இன்றே அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.