உப்பைப் பிரிக்கும் பாடு

பியூரெட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், கூம்புக் குடுவையில் காஸ்டிக் சோடாக் கரைசல், அதில் இரண்டு சொட்டு பினால்ப்தலீன். பிளஸ் டூ ஆய்வகத்தில் இதைச் செய்யாதவர்கள் குறைவு. அமிலம் சொட்டுச் சொட்டாக இறங்க, ஒரு கட்டத்தில் இளஞ்சிவப்பு சட்டென்று மறையும். தோலைப் பொசுக்கும் இரண்டு திரவங்கள் சேர்ந்த அந்தக் குடுவையில் அப்போது இருப்பது உப்புத் தண்ணீர்தான். கணக்கும் சுத்தமானது: 36.5 கிராம் அமிலம், 40 கிராம் காரம்; கிடைப்பது 58.5 கிராம் உப்பு, 18 கிராம் தண்ணீர்.

கூடவே சுமார் 57 கிலோஜூல் வெப்பமும் வெளியேறும். ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடக்கூடிய சூடு அது. கையில் அமிலம் பட்டால் காரத்தை ஊற்றிச் சரிக்கட்டக் கூடாது, குழாயடியில் நெடுநேரம் கழுவ வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சேர்வதற்கு யாரும் மெனக்கெட வேண்டாம். ஆனால் உலகத்துக்குத் தேவைப்பட்டது இதன் மறுதலை. கடலில் உப்பு கொள்ளை கொள்ளையாகக் கிடக்கிறது. சோப்புக்கும் கண்ணாடிக்கும் துணி வெளுக்கவும் வேண்டியிருந்ததோ சோடா (சலவைச் சோடா), காரம், அமிலம். உப்பிலிருந்து அவற்றைத் திரும்ப எடுப்பது எப்படி? வெளியேறிய ஆற்றலை யாராவது திருப்பிக் கட்டியாக வேண்டும். வேதித் தொழிலின் வரலாற்றில் பெரும்பகுதி அந்தக் கடனை யார் எப்படிக் கட்டினார்கள் என்பதுதான்.

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சோடா வந்தது செடிச் சாம்பலிலிருந்து. ஸ்பெயின் கடற்கரையில் உவர்நிலச் செடிகளை எரித்தார்கள். நம் உப்பளங்களின் ஓரத்தில் தழைக்கும் உமரிக்கு அவை உறவு. ஸ்காட்லாந்தில் கடற்பாசியை எரித்தார்கள். இதை நம்பியிருக்க முடியாது என்று கருதிய பிரெஞ்சு அறிவியல் கழகம், சாப்பாட்டு உப்பிலிருந்து சோடா எடுப்பவருக்கு 2,400 லிவர் பரிசு என்று 1775இல் அறிவித்தது. வழி கண்டவர் ஆர்லியன்ஸ் பிரபுவின் மருத்துவர் நிக்கோலா லெப்லாங். 1791இல் காப்புரிமை, பாரிஸை அடுத்த சேன் டெனியில் ஆலை. 1793இல் புரட்சி அரசு பிரபுவின் தலையை வாங்கியது, ஆலையும் பறிபோனது. பரிசுப் பணம் லெப்லாங்குக்குக் கிடைக்கவேயில்லை. வறுமையில் உழன்று 1806இல் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார்.

அவருடைய முறை பிழைத்தது. உப்போடு கந்தக அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் சோடியம் சல்பேட். அதை நிலக்கரியோடும் சுண்ணாம்புக்கல்லோடும் உலையில் வறுத்து நீரில் ஊறவைத்து வடித்தால் சோடா. இங்கிலாந்தில் உப்பு வரி நீங்கியதும் லிவர்பூல், செயின்ட் ஹெலன்ஸ், விட்னஸ் பக்கமெல்லாம் இந்த உலைகள் எரிந்தன. ஆனால் வினையை எழுதிப் பார்த்தால் உள்ளே ஒரு வில்லங்கம் தெரியும்: 106 கிலோ சோடாவுக்கு 73 கிலோ ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். அதைப் புகைபோக்கி வழியே அப்படியே ஊரின் மேல் விட்டார்கள். காற்றின் ஈரத்தில் கரைந்து அமிலமாக இறங்கியது. மரங்கள் பட்டன, பயிர் கருகியது. எஞ்சிய கால்சியம் சல்பைடு சகதியோ செய்த சோடாவைவிட எடை அதிகம். ஆலையோரம் மலையாகக் குவிந்து அழுகிய முட்டை நாற்றம் வீசியது.

வாயுவைப் பிடிக்க வழி இல்லாமலில்லை. வில்லியம் காசேஜ் 1836இலேயே கோபுரம் ஒன்றைக் கட்டிக் காட்டினார்: மேலிருந்து தண்ணீர் வழியும், கீழிருந்து ஏறும் வாயு அதில் கரைந்துவிடும். முதலாளிகள் பலர் சட்டை செய்யவில்லை. செய்தவர்களும் பிடித்த அமிலத்தை ஓடையில் விட்டார்கள். அது கழிவு மேட்டின் சல்பைடைத் தொட்ட இடமெல்லாம் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பியது.

1863இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஆல்கலி சட்டம் இயற்றியது: வாயுவில் 100க்கு 95 பங்கைப் பிடித்தே ஆகவேண்டும். தலைமை ஆய்வாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித். அவருக்குக் கீழே நான்கே பேர். ‘குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று புத்திமதி சொல்லாமல் அளந்து பார்க்கக்கூடிய ஓர் எண்ணைச் சட்டத்தில் வைத்ததுதான் அதன் பலம் என்பேன். நம் மாசுக்கட்டுப்பாட்டு விதிகளைப் படிக்கும்போது இந்த ஐந்து பேர் நினைவுக்கு வருகிறார்கள். ‘அமில மழை’ என்ற பெயரை 1872இல் தம் நூலில் எழுதியவரும் இதே ஸ்மித்தான். வேடிக்கை என்னவென்றால், பிடித்த அமிலத்திலிருந்து குளோரின் எடுத்து வெளுப்புத்தூள் செய்ய வெல்டன், டீக்கன் என்ற இருவர் சில ஆண்டுகளிலேயே வழி கண்டார்கள். வேண்டாமென்று விரட்டிய வாயு லாபம் கொடுத்தது.

அதற்குள் பெல்ஜியத்தில் எர்னஸ்ட் சால்வே உப்புக் கரைசலில் அம்மோனியாவையும் கார்பன் டை ஆக்சைடையும் செலுத்திச் சோடா எடுத்துக்கொண்டிருந்தார். கந்தக அமிலமும் வேண்டாம், நாற்றமும் இல்லை. லெப்லாங் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சால்வே வழியின் ஒரு கிளைதான் தூத்துக்குடியில் இருக்கிறது. அங்குள்ள ஆல்கலி ஆலையில் சோடாவோடு அம்மோனியம் குளோரைடும் உரமாக வெளிவரும். 2016 முதல், வினைக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடைக் கொதிகலன் புகையிலிருந்தே பிடிக்கவும் தொடங்கினார்கள்.

சோடாவும் வேதியியல்படி ஓர் உப்பே. ஆனால் நடுநிலையானதல்ல. அதைப் பிறப்பித்த காரம் வலியது, கார்பானிக் அமிலம் நோஞ்சான். அதனால் கரைசலில் காரத்தின் கையே ஓங்கும். மஞ்சளைக் கரைத்துச் சிட்டிகை சலவைச் சோடா போட்டுப் பாருங்கள், சுண்ணாம்பு பட்டதுபோலச் சிவக்கும். அம்மோனியம் குளோரைடு இதற்கு நேர் எதிர். அதன் கரைசல் சற்றே அமிலம்.

மேட்டூரில் கடனைக் கட்டியது மின்சாரம். 1934இல் அணை எழுந்த பிறகு அங்கே வந்த ரசாயன ஆலை, உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடாவையும் குளோரினையும் பிரித்தெடுத்தது. அந்தக் குளோரினை நீற்றிய சுண்ணாம்பில் ஏற்றினால் பிளீச்சிங் பவுடர். அதன்மேல் அமிலம் பட்டால் குளோரின் மறுபடி வெளியே வந்துவிடும். கழிவறைக்குப் பிளீச்சிங் பவுடர் தூவியவர்கள் அதே கையோடு ஆசிட்டையும் ஊற்ற வேண்டாம். சிறிய அறையில் அந்த வாயு நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.