மாத்திரையை நிறுத்தினால் மூளைக்குக் கிளம்பும் ரத்தக்கட்டி!
"நல்லாத்தானே இருக்கேன்" என்பவர்களுக்கு வாசலில் காத்திருக்கும் ஆபத்து

திருவிடைமருதூர் மகாலிங்கசாமி கோவிலுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். கிழக்குக் கோபுர வாசல் வழியாக உள்ளே போகிறவர்கள் அதே வழியாகத் திரும்பமாட்டார்கள். வரகுண பாண்டியனைத் துரத்திவந்த பிரம்மஹத்தி அந்த வாசலிலேயே நின்றுவிட்டது. ராஜா வேறு வாசல் வழியாகப் போய்த் தப்பிவிட்டார். அது மட்டும் அவர் திரும்பி வருவார் என்று இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது என்பது ஐதீகம்.

இருதயத் துடிப்பு தாறுமாறாக ஓடும் நோயாளிகளின் கதையும் ஏறக்குறைய இதேதான். மாத்திரை போடும்வரை ஆபத்து வாசலில் நிற்கிறது. போய்விடவில்லை, நிற்கிறது. மாத்திரையை நிறுத்தியவர் நேரே அதன் கையில் போய் அகப்படுகிறார்!

துடிக்காது, நடுங்கும்

இந்த நோய்க்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்'. இருதயத்தின் மேல் அறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் சும்மா நடுங்கிக்கொண்டே இருக்கும். ரத்தம் முழுசாக வெளியேறாமல் தேங்கும். ஓட்டம் நின்ற வாய்க்காலில் பாசி பிடிப்பதைக் காவிரிக் கரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியாகிவிடும்.

இடதுபக்க மேல் அறையில் காது மடல் போல ஒரு சின்னப் பை இருக்கிறது. கட்டி பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறது. ஒருநாள் அது பிய்த்துக்கொண்டு கிளம்பி மூளைக்குப் போய் ரத்தக்குழாயை அடைக்கிறது. வாய் கோணுகிறது, கை விழுகிறது, பேச்சு குழறுகிறது. "ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டுப் படுத்தார், காலையில வாதம் அடிச்சிடுச்சு" என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 5 மடங்கு அதிகம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை அந்த ஆபத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்துவிடும். ஒழுங்காகப் போட்டால்தான்!

வெற்றிலைக்கு மறக்காத வாய்

சிக்கல் அங்கேதான். தலைவலி மாத்திரை போட்டால் அரைமணியில் வலி போவது தெரியும். இந்த மாத்திரை வேலை செய்வது யாருக்கும் தெரியாது. போட்டாலும் ஒன்றும் தெரியாது, போடாவிட்டாலும் ஒன்றும் தெரியாது. ஒருநாள் கை விழும்போதுதான் தெரியும்.

"அப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்று மகள் கேட்பாள். "போட்டாச்சும்மா" என்று பதில் வரும். அட்டையைப் பார்த்தால் நாலு நாளாக ஒன்றும் குறைந்திருக்காது. சாப்பிட்டதும் வெற்றிலைபாக்குக்கு மறக்காத வாய், மாத்திரைக்கு மட்டும் மறந்துவிடுகிறது.

மறதியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சம்பா அறுவடை நேரத்தில் வயலை விட்டுவிட்டு யார் கும்பகோணம் போவது? திருபுவனத்தில் பட்டுத் தறியில் உட்கார்ந்தவருக்கு ஒருநாள் எழுந்தால் ஒருநாள் கூலி போச்சு. ஆனால் வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற பழைய மாத்திரைகளுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். 'ஐ.என்.ஆர்.' என்ற அந்தக் கணக்கு பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். செயற்கை வால்வு வைத்தவர்களில் பலருக்கு இன்னும் கொஞ்சம் மேலே. கணக்கு இறங்கினால் கட்டி, ஏறினால் ரத்தக்கசிவு. மாத்திரை தீர்ந்து, பரிசோதனைத் தேதியும் தள்ளிப்போனால், "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

"எலி மருந்தா கொடுக்கிறாங்க?"

இன்னொரு பயம் இது. வார்ஃபரின் எலி மருந்து என்று யாரோ காதில் போட்டுவிடுகிறார்கள். அப்படியே மாத்திரை குப்பைக்குப் போகிறது.

விஷயம் பொய்யில்லை. கதையோ மாட்டுத் தீவனத்தில் ஆரம்பிக்கிறது! 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் மாடுகள் காரணம் தெரியாமல் ரத்தம் கொட்டிச் செத்தன. பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் அவை. 1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், செத்த கிடாரியையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் ஏற்றிக்கொண்டு, கொட்டும் பனியில் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானி அதை விடவில்லை. சில ஆண்டுகளில் ரத்தத்தை உறையவிடாத பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டினார் அவருடைய குழுவினர். அதன் வழியில் வந்ததுதான் வார்ஃபரின். 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது.

1951-ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த ஒருவர் சாவதற்காக அந்த எலி மருந்தைத் தின்றார். ஆனால் சாகவில்லை. வைட்டமின் 'கே' கொடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். மாற்று மருந்து இருக்கிறது என்றதும் டாக்டர்களுக்குத் துணிச்சல் வந்தது. 1955-ல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே கொடுத்தார்கள். எலிக்கு வைக்கும் அளவு வேறு, மனிதருக்கு எழுதும் அளவு வேறு.

கீரையும் வலி மாத்திரையும்

அந்த வைட்டமின் 'கே' முருங்கைக்கீரை போன்ற பச்சைக் கீரைகளில் நிறைய இருக்கிறது. ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்றால் ஐ.என்.ஆர். ஊஞ்சலாடும். கீரையை அடியோடு விடவேண்டாம், எப்போதும் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும் என்கிறார்கள் டாக்டர்கள். புது மாத்திரைகளுக்கு இந்தக் கீரைத் தொல்லை இல்லை.

உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிப்போடும் மாத்திரைதான் பெரிய வில்லன். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் வகைகள் இந்த மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். "ஆஸ்பிரின் போடறேனே, அதுவும் ரத்தத்தை இளக்கறதுதானே" என்பதும் சரியல்ல. இந்த நோய்க்கு ஆஸ்பிரின் ஈடாகாது.

பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரை வேண்டாம்

டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் என்று புது மாத்திரைகள் வந்துவிட்டன. ஐ.என்.ஆர். பார்க்க அலைய வேண்டாம். ஆனால் அவற்றின் வேலை ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும். விட்டால் மறுநாளே காவல் இல்லை.

எல்லோருக்கும் அவை பொருந்தாது. இந்தியாவில் இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களைக் கணக்கெடுத்தபோது, ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் வால்வு கெட்டிருந்தது. அப்படிப்பட்ட 4,500-க்கும் மேற்பட்டவர்களை வைத்து, இந்தியா உள்பட 24 நாடுகளில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2022-ல் வெளியானது. பழைய மாத்திரை போட்டவர்களிடமே சாவு குறைவு! அதில் சேர்ந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். சராசரி வயது 50-தான்.

குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களுக்கு இன்னொரு கவலை. பழைய மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடும். நாள் தள்ளிப்போனால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாமியார் பேச்சைக் கேட்டுத் தானாக நிறுத்தினால் தாய்க்கே ஆபத்து. பல் பிடுங்கவும் அப்படித்தான். நிறுத்துவதா வேண்டாமா என்பதை இருதய டாக்டர்தான் சொல்ல வேண்டும். மறந்துபோன மாத்திரைக்கு ஈடாக மறுநாள் இரண்டாகப் போடுவதும் கூடாது.

அப்படியும் ஒருநாள் வாய் கோணி, கை தொய்ந்துவிட்டால்? எண்ணெய் தேய்க்க ஆள் தேடாமல் 108-க்கு போன் போட வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். போகும்போது மாத்திரை அட்டையையும் ஐ.என்.ஆர். நோட்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார் என்று அங்கே கேட்பார்கள். அதைப் பொறுத்துத்தான் ஊசி போடலாமா, கூடாதா என்று முடிவு செய்வார்கள்.