2,050 மைல் நடந்த பாட்டி!

வயது 67. பெற்ற பிள்ளைகள் 11. பேரன் பேத்திகள் 23. இந்த வயதில் ஒரு பாட்டி என்ன செய்வார்? வீட்டில் உட்கார்ந்து பேரப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்.

அமெரிக்காவில் ஒரு பாட்டி, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறப் புறப்பட்டுவிட்டார்! அவர் பெயர் எம்மா கேட்வுட். ஓகையோ மாநிலத்தைச் சேர்ந்தவர். விவசாயக் குடும்பம்.

14 மாநிலங்கள்

அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் அப்பலாச்சியன் மலைத்தொடர் இருக்கிறது. அதன் மேல் ஒரு நடைபாதை. தெற்கே ஜார்ஜியாவில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, வடக்கே மெய்ன் வரை போகிறது. 1955-ல் அதன் நீளம் சுமார் 2,050 மைல். அதாவது 3,300 கிலோ மீட்டர்! கால்நடையாகத்தான் போகவேண்டும். வழி தெரிவதற்காக மரங்களில் வெள்ளைக் கோடு தீட்டியிருக்கிறார்கள்.

அடியும் உதையும்

எம்மா பல ஆண்டுகள் கணவரிடம் அடி உதை பட்டவர். கடைசியில் விவாகரத்து பெற்றார். இந்தப் பாதையைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்ததும், நடந்து பார்க்க ஆசை வந்தது.

1954-ல் வடக்கு முனையில் புறப்பட்டார். காட்டில் வழி தவறியது. மூக்குக் கண்ணாடி உடைந்தது. வன ஊழியர்கள், வீட்டுக்குப் போகும்படி புத்தி சொன்னார்கள். திரும்பிவிட்டார்.

ஆனால் ஆசையை விடவில்லை. 1955 மே 3-ந் தேதி, தெற்கு முனையில் இருந்து மீண்டும் புறப்பட்டார். எங்கே போகிறார் என்பதைப் பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை!

பையில் என்ன?

முரட்டுத் துணியில் அவரே தைத்த பை. ஒரு கம்பளி. மழைக்கு, குளியல் அறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை. எல்லாம் சேர்ந்து 9 கிலோவுக்குள்தான். கூடாரம் கிடையாது. காலில் சாதாரண கான்வாஸ் ஷூ!

ஒரு நாளைக்குச் சராசரியாக 14 மைல் நடை. ஏற்றம், இறக்கம், பாறை, ஓடை எல்லாம் இதில் அடக்கம். பசித்தால் வேர்க்கடலை, உலர்ந்த திராட்சை. வழியில் கிடைக்கும் காட்டுப் பழங்களையும் பறித்துத் தின்பார்.

இருட்டியதும் நடைக்காரர்களுக்கான குடிசையில் படுப்பார். அதற்கு மூன்று பக்கம்தான் சுவர். முன்பக்கம் திறந்தே இருக்கும். குடிசை இல்லாவிட்டால், உதிர்ந்த இலைகளைக் குவித்துப் படுக்கை! குளிர் தாங்காத இரவில், தட்டையான கற்களை நெருப்பில் சுட வைத்து, அவற்றின் மேல் படுத்துக்கொள்வார்.

146-வது நாள்

செப்டம்பர் 25-ந் தேதி கட்டாடின் மலை உச்சியை அடைந்தார். அந்தப் பாதை முழுவதையும் ஒரே மூச்சில், தனியாக நடந்து முடித்த முதல் பெண் அவர்தான்.

அதோடு விட்டாரா? 1957-ல் மறுபடியும் நடந்தார். 1964-ல் மூன்றாம் முறையும் முடித்தார். 1973-ல், 85-வது வயதில் காலமானார்.

இன்றும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தப் பாதையில் புறப்படுகிறார்கள். விலை உயர்ந்த பை, கூடாரம், பூட்ஸ் எல்லாம் இருக்கிறது. ஆனால், கடைசி வரை போய்ச் சேருவது சுமார் நாலில் ஒருவர்தான்!